நீ ஆர் எண்டு கேட்டால்

2025 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மத்தியானச் சனம் போய்விட்டது. இரவுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாளி குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இங்கை ஆருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்?" என்று கேட்டார். கேட்டது பிரெஞ்சில். என் காதுக்குள் அது இப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

குசினியில் நாங்கள் மூன்று பேர். ஷெஃப் பிரெஞ்சுக்காரர், அவருக்கு இங்கிலீஷ் என்றாலே வயிற்றுக்குத்து. கோப்பை கழுவுகிற பெடியன் மாலி நாட்டவன், வந்து எட்டு மாதம். மிச்சம் நான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

காசு வாங்குகிற மேசையில் இருக்கிற கணனியின் திரை கறுப்பாகிக் கிடந்தது. பாரிசில் நாங்கள் அதைக் 'கெஸ்' என்றுதான் சொல்லுவோம். மேசைக்கு மேசை எடுக்கிற ஓடர் எல்லாம் அதற்குள் போய்த்தான் குசினியில் துண்டாக வந்து விழும். பிரான்சில் 2018 தை முதலாம் தேதியிலிருந்து கெஸ் மென்பொருளில் கணக்கை அழித்து எழுத முடியாத மாதிரி இருக்கவேண்டும் என்று சட்டம். அதற்குப் பிறகு மென்பொருள் விற்ற ஆக்கள் அடிக்கடி புதுப்பிப்பு அனுப்புவார்கள். அன்றைக்கு வந்த புதுப்பிப்புத்தான் வேலை செய்ய மாட்டேன் என்று நின்றது.

தொலைபேசியில் தொழில்நுட்பக்காரர். அவர் சொன்ன ஒரு சொல்லை முதலாளி அரை மணித்தியாலமாகத் தட்டப் பார்த்திருக்கிறார். யூநேம், ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எம். முதலாளிக்கு அந்தக் கோடு எங்கே என்று தெரியவில்லை. பிரெஞ்சுத் தட்டச்சுப்பலகையில் அது ஆறாம் இலக்கக் கட்டையில் இருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் கீழ்க்கோட்டைப் போட்டுவிட்டு, இந்தச் சனியன் கேட்குதில்லை என்று கத்துகிறார்.

நான் தட்டினேன். ஒரு வரி வந்தது: ஐ686.

வாசித்துச் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு. "32 பிட் மெஷின். பழசு. எங்கடை புதுப் பதிப்பு 64-க்கு மட்டும்தான். புதுசு வாங்கவேணும்" என்றார். விலையும் சொன்னார். 1,400 யூரோ, பூட்டுகிற கூலி வேறு. முதலாளி கதிரையில் இருந்துவிட்டார்.

கணனி தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பந்தியைத் தாண்டிப் போகலாம். தெரியாத ஆக்களுக்குச் சொல்கிறேன். யூநேம் என்பது யுனிக்ஸ் குடும்பத்துக் கணனிகளில் இருக்கிற ஒரு சின்னக் கட்டளை. யன்னல் இல்லை, படம் இல்லை, கறுப்புத் திரையில் எழுத்துத்தான். அதற்கு ஒரே வேலை. 'நீ ஆர்?' என்று கணனியைக் கேட்பது. சும்மா யூநேம் என்று தட்டினால் லினக்ஸ் என்று சொல்லும். அப்பிள் கணனியில் டார்வின் என்று வரும். பின்னால் ஏ என்ற எழுத்தைச் சேர்த்தால் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டும். போசிக்ஸ் என்ற பொது விதி இதற்கு ஐந்து விசயம் வைத்திருக்கிறது: இயங்குதளத்தின் பெயர், வலையில் இந்தக் கணனிக்கு வைத்த பெயர், வெளியீட்டு இலக்கம், அதற்குள் எந்தப் பதிப்பு, கடைசியாக எந்த இனத்து யந்திரம்.

இந்தப் பதிலைச் சொல்வது யந்திரம் இல்லை. கர்னல் என்று சொல்லுகிற, இயங்குதளத்தின் நடுக்கரு. அது தன்னை எப்படிக் கட்டியிருக்கிறார்களோ அதைத்தான் சொல்லும். 64 பிட் கணனியில் ஒருவர் 32 பிட் கர்னலைப் போட்டுவிட்டுப் போனால், அந்தக் கணனி சாகும்வரை ஐ686 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். பொய் என்றும் சொல்லமுடியாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரியும் என்பதை அந்த உணவகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

2000ஆம் ஆண்டுக் கடைசி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் கணிதமும் படிக்கிறேன் என்று பெயர். சித்திரை 22-ல் ஆனையிறவு விழுந்தது. பிறகு பல மாதங்கள் ஊரே இருக்கிறதோ ஓடுகிறதோ என்று நின்றது. வகுப்பு நடந்த நாளை விட நடக்காத நாள் கூட. அந்த நேரம் ஒரு சீனியர் அண்ணை கொழும்பிலிருந்து ஒரு சீடி கொண்டுவந்தார். ரெட் ஹற் லினக்ஸ் 6.2. கொண்டுவந்த விதமே ஒரு கதை. பாட்டுச் சீடி உறைக்குள் வைத்து, தடைமுகாமில் ஆமிக்காரன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'பாட்டா?' என்று கேட்டு, 'ஓம் சேர்' என்று சொல்லி வந்த சீடி.

ஒரு பென்டியம் இரண்டு. ஆறு பேர் சுற்றி நிற்கிறோம். கரண்ட் எப்ப போகும் என்று தெரியாது. போனால் பற்றரிப் பெட்டி கீச் கீச் என்று கத்தும், அதற்குள் மூடவேண்டும். இரண்டு முறை அரைவாசியில் கரண்ட் போய், மூன்றாம் முறைதான் லினக்ஸ் முழுதாக ஏறியது. அண்ணை புத்தகத்தைப் பார்த்து, யூநேம் கோடு ஏ என்று தட்டினார். வரி வந்தது. லினக்ஸ், கணனியின் பெயர், 2.2.14 என்று ஒரு இலக்கம், 2000 மார்ச் 7 என்று ஒரு தேதி, ஐ686. அந்தத் தேதி கணனியின் தேதி இல்லை, கர்னலை அமெரிக்காவில் கட்டி முடித்த நாள் என்று அண்ணை விளக்கினார். ஆனையிறவு விழுவதற்கு ஆறு கிழமைக்கு முந்தி எங்கேயோ ஒரு ஆள் ஒரு அறையில் இருந்து கட்டி முடித்தது இப்போது எங்கள் மேசையில் நிற்கிறது என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வரியின் கடைசிச் சொல்தான் விசயம். ஐ686-க்குப் பிறகு, 'அன்நோன்'. தெரியாது. என்ன புரொசெசர் என்ற இடத்துக்கு அந்தக் காலத்து யூநேமிடம் பதில் இருக்கவில்லை. லினக்ஸ் கர்னல் அதைக் கொடுப்பதில்லை, ஆனபடியால் தெரியாது என்று எழுதிவிடும்.

பக்கத்தில் நின்ற என் சிநேகிதன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாவமடா, இதுக்கும் ஐசி இல்லை."

நாங்கள் சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு நோகிறது. இப்போது வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன பகிடி என்று விளங்காமல் போகலாம். ஐசி என்றால் அடையாள அட்டை. அந்தக் காலத்தில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வி. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்கள் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். நீ ஆர் என்ற கேள்விக்கு எங்கள் யூநேம் அதுதான். எங்கள் பக்கத்து அட்டையில் சிங்களத்தோடு தமிழும் எழுதியிருந்தது. கொழும்பில் அதைப் பார்த்தாலே போதும், மிச்சம் வாசிக்கத் தேவையில்லை.

அந்தச் சிநேகிதன் 2006 ஆவணியில் ஒரு நாள் சைக்கிளில் வெளிக்கிட்டவன், வீட்டுக்கு வரவில்லை. தாய் இன்னும் இருக்கிறா. எந்தப் படிவத்திலும் இறந்தவர் என்று எழுத விடமாட்டா.

நான் 2001-ல் வெளிக்கிட்டேன். கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் ஏஜென்சி. இரண்டாம் வருடம் முடியவில்லை. இந்த இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் ஏஜென்சிக் கதை எங்கள் எல்லாரிடமும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். எனக்குத் தந்த கடவுச்சீட்டில் வேறு பெயர், வேறு பிறந்த ஆண்டு. மூன்று வயது கூடியவன். இரண்டு மாதம் ஒரு லொட்ஜ் அறையில் அதைப் பாடமாக்கினேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும் என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. உண்மையாகவே இரவில் எழுப்பிக் கேட்டான்.

லினக்ஸில் இப்படி ஒன்று இருக்கிறது என்று கனகாலம் கழித்துத்தான் அறிந்தேன். லினக்ஸ்32 என்று ஒரு கட்டளை. அதை முன்னால் போட்டுவிட்டு யூநேமைத் தட்டினால், 64 பிட் கணனியே தன்னை ஐ686 என்று சொல்லும். மோசடிக்காகச் செய்தது இல்லை. சில பழைய மென்பொருள்களைக் கட்டும்போது இதைச் சொன்னால்தான் உள்ளே விடும். இன்னொன்றும் உண்டு. 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலின் இலக்கத்தை 2.6.39-லிருந்து ஒரேயடியாக 3.0 என்று மாற்றினார். உள்ளே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, இலக்கம் நீண்டுபோனதுதான் காரணம். ஆனால் 2.6 என்று தொடங்கினால்தான் நம்புவேன் என்று எழுதி வைத்திருந்த மென்பொருள்கள் விழுந்துவிட்டன. அவற்றுக்காகவே, கேட்டால் 2.6.40 என்று சொல்லு என்று கர்னலுக்குள் ஒரு வசதி வைத்தார்கள். வாசித்தபோது அந்த லொட்ஜ் அறை நினைவுக்கு வந்தது. கேட்கிறவன் என்ன பதிலுக்குக் கதவைத் திறப்பானோ அந்தப் பதில்.

பாரிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். கேள்விகள் தேதியாகவே வந்தன. எந்தத் தேதி சுற்றிவளைப்பு, எந்தத் தேதி பிடித்தார்கள், எந்தத் தேதி விட்டார்கள். சிலதுக்குச் சொன்னேன். சிலதுக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. முகாமுக்குள் கலண்டர் வைத்திருக்கமாட்டான். 'தெரியாது' என்று நான் ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். மறுப்புக் கடிதத்தில் அதுதான் காரணம். விண்ணப்பதாரரின் பதில்கள் தெளிவற்றவை. என்னோடு அறையில் இருந்தவன் எல்லாத் தேதியையும் பாடமாக்கிக்கொண்டு போனவன். அவனுக்கு முதலிலேயே கிடைத்தது. எனக்கு மேன்முறையீட்டில், ஒன்றரை வருடம் கழித்து.

இப்போது வருகிற யூநேம் திருந்திவிட்டது. ஏ போட்டால், தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லாமல், அந்த இடத்தையே விட்டுவிட்டுப் போகும். தனியாக அந்தக் கேள்வியை மட்டும் கேட்டால்தான் அன்நோன் என்று ஒத்துக்கொள்ளும். ஆரோ விசாரணைக்குப் போய் வந்த ஆள்தான் அதை அப்படி மாற்றியிருப்பார் போல.

அகதி அட்டை கிடைத்ததே, அதில் பெயர் தலைகீழ். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர், பிறகு எங்கள் பெயர். பிரெஞ்சுப் படிவத்தில் இரண்டு பெட்டி. எது எதற்குள் போனது என்று எனக்கு விளங்கிய நேரம் எல்லாம் அச்சடித்து முடிந்துவிட்டது. முதல் வேலைக்குப் போன இடத்தில் அட்டையைப் பார்த்து, அப்பாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை வெட்டி எடுத்து, அதையே என் பெயராக்கினார்கள். கோப்பை கழுவுகிற இடத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். தட்டு எங்கே, சட்டி ஏன் ஊத்தை, கெதியாய் வா. ஊரில் அம்மாவே அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. 2004-ல் அப்பா செத்த செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனேன். அன்றைக்கும் கத்தினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கனடாவில் இருக்கிற அண்ணரின் அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துக் கூட்டலில் இருக்கிறது. ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று கடதாசியில் நிறுவ முடியாது. இதைக் கணனிக்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களிடமும் இந்தக் கூத்து இருக்கிறது. 64 பிட் யந்திரத்தை யூநேம் எக்ஸ்86_64 என்கிறது, டெபியன்காரர் ஏஎம்டி64 என்கிறார்கள். ஒன்றேதான். 2003-ல் ஏஎம்டி நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். ஆர்ம் யந்திரத்தை லினக்ஸ் ஒரு பெயராலும் அப்பிள் இன்னொரு பெயராலும் சொல்லும்.

சரி, கெஸ்ஸுக்கு வருகிறேன்.

தொழில்நுட்பக்காரர் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலாளி தலையில் கை. நான் வெங்காயத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். 23 வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். படித்த கதையை வேலை இடத்தில் சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. முடித்திருந்தால் சொல்லலாம். முடிக்காத படிப்பைச் சொன்னால், கேட்கிறவர் முகத்தில் ஒரு பாவம் பார்க்கிற தோற்றம் வரும், பிறகு அதே ஆள் சட்டி ஏன் ஊத்தை என்று கேட்கும்போது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

ஆனால் கை அரித்தது. ப்ராக் என்ற அடைவுக்குள் சிபியூஇன்ஃபோ என்று ஒரு கோப்பு இருக்கும். கர்னல் தன்னைப் பற்றிச் சொல்வது யூநேம். புரொசெசர் தனக்கு என்னென்ன முடியும் என்று கொடுக்கிற பட்டியல் இந்தக் கோப்பில். கொடிகள் என்ற வரியில் நூற்றுக்குக் கிட்டச் சின்னச் சின்னச் சொற்கள் வரும். அதில் எல்எம் என்று இரண்டு எழுத்து இருந்தால் 64 பிட் முடியும் என்று அர்த்தம். லோங் மோட். கோப்பைத் திறந்தேன். கண்ணில் வெங்காயத் தண்ணீர். விரலை வைத்து வைத்துத் தேடினேன். இருந்தது.

"முசியூ, எல்எம் இருக்கு" என்றேன் தொலைபேசியில்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "நீங்கள் ஆர்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"குசினி" என்றேன்.

மனிதர் நல்ல ஆள். சாட்டுச் சொல்லவில்லை. இந்தக் கணனி 2012-ல் வாங்கியது, நினைவகம் 2 ஜிபிதான், அந்தக் காலத்தில் இவ்வளவுக்குள் 32 போடுவதுதான் வழக்கம், போட்டவர் இப்போது கொம்பனியில் இல்லை, பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். அதில் பிழை சொல்ல முடியாது. பதின்மூன்று வருடம் ஓடர் துண்டு அடிக்க 32 தாராளம். டெபியனே 2025 ஆவணியில் வந்த 13-ஆம் பதிப்பில்தான் 32 பிட் கணனிகளுக்குக் கர்னல் கொடுப்பதை நிறுத்தியது. இவர்களுடைய புதுப் பதிப்பும் அதோடு சேர்ந்து 64-க்குப் போனது. கணனிக்குள் எல்லாம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

அன்றிரவு பரிசாரகிகள் கையால் எழுதித் துண்டு தந்தார்கள். ஒருத்தியின் எழுத்து விளங்காமல் இரண்டு மேசைக்கு மீன் மாறிப்போனது. திங்கள் எங்களுக்கு விடுமுறை. முதலாளி என்னை வரச் சொன்னார். ஒரு யூஎஸ்பி வந்திருந்தது. தொழில்நுட்பக்காரர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பழைய கணக்குகளைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, புது டெபியனை ஏற்றினேன். மூன்று மணித்தியாலம். முதலாளி கோப்பி போட்டுத் தந்தார். அவர் எனக்குப் போட்டுத் தந்தது அதுதான் முதல்முறை. எங்கே படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். இரண்டாம் வருடம் முடியவில்லை என்றும் சொன்னேன். பிரெஞ்சுக்காரருக்குப் படிப்பை பாக் பரீட்சைக்கு மேலே எத்தனை வருடம் என்றுதான் எண்ணத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ பாக் ப்ளஸ் ஒண்டரை" என்றார். அவருடைய மகன் பாக் ப்ளஸ் ஐந்து, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான் என்று பிறகு அவரே சொன்னார். நான் பயந்த அந்தப் பாவம் பார்க்கிற தோற்றம் வரவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தேன்.

ஏற்றுகிறபோது ஒரு இடத்தில் அது நின்று, இந்தக் கணனிக்கு என்ன பெயர் என்று கேட்டது. யூநேமில் இரண்டாவதாக வருகிற பெயர் அதுதான். பெட்டி வெறுமையாக இருந்தது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஊரின் பெயர் வாய்க்குள் வந்தது. சிநேகிதனின் பெயரும் வந்தது. தொழில்நுட்பக்காரரிடம் கேட்டேன். "பழைய பெயரையே போடுங்கோ, கெஸ்2. குசினிப் பிரிண்டருக்கு அந்தப் பெயரைத்தான் தெரியும். மாத்தினால் துண்டு வராது" என்றார்.

கெஸ்2 என்றே போட்டேன். என் பெயரையும் ஒருமுறை திருத்தலாமென்று விசாரித்துப் பார்த்தவன்தான். சம்பளத் துண்டு, பென்சன் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், எல்லாம் அந்தத் தலைகீழ்ப் பெயரில் கிடக்கிறது. விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து யூநேம் கோடு எம் என்று தட்டினேன். எக்ஸ்86_64 என்று வந்தது. பிரிண்டர் ஒரு பரீட்சைத் துண்டு அடித்தது. செவ்வாய் மத்தியானம் 12 மணிக்கு முதல் ஓடர் விழுந்தது, இரண்டு ஆட்டிறைச்சி, ஒரு சூப். முதலாளி வெளியே நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓம் வாறன் என்றேன்.